கப்பலா, டவுன் பஸ்ஸா? நார்வே கடலோரத்தில் 12 நாள்கள், 34 துறைமுகங்கள்!

2011 ஜூன் மாதம், நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே ஒரு விசித்திரமான வேலை பார்த்தது. ஒரு கப்பலில் கேமராக்களைப் பொருத்தி, அது பெர்கென் துறைமுகத்தில் கிளம்பியதிலிருந்து நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் கிர்கெனெஸ் போய்ச் சேரும் வரை அப்படியே நேரலையில் விட்டது. மொத்தம் 134 மணி நேரத்துக்கும் மேல். கிட்டத்தட்ட அஞ்சரை நாள். கதை கிடையாது, போட்டி கிடையாது. மலை வரும், போகும். கரையில் ஒரு மாடு நிற்கும், அதுவும் போய்விடும்.

யார் பார்ப்பார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? அன்றைக்கு நார்வேயின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு நேரத்தில் அதைப் பார்த்தார்கள். கப்பல் எப்போது தங்கள் ஊருக்கு வரும் என்று பார்த்துவைத்து, நள்ளிரவிலும் கொடியோடு வந்து நின்று டாட்டா காட்டினார்கள்.

அந்தக் கப்பல் பாதையில் நீங்களும் போகலாம். 'உலகின் அழகான கடல் பயணம்' என்று இன்ஸ்டாவில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். ஆனால், டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு விஷயம் புரிந்துகொள்ளணும். இதை க்ரூஸ் என்று நினைத்து ஏறியவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். கடலோர டவுன் பஸ் என்று நினைத்து ஏறியவர்கள் மறுபடியும் ஏறுகிறார்கள்.

ஏன் பஸ்?

ஸ்காண்டிநேவியாவின் வட கடலோரம் என்றால் அது முழுக்க நார்வேதான். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் ஆர்க்டிக் பக்கம் கடற்கரை கிடையாது. நார்வேயின் இந்தக் கரையோ நேர்க்கோடாக இல்லாமல், ஃபியோர்டு எனப்படும் நீண்ட கடல் கால்வாய்களாலும் ஆயிரக்கணக்கான தீவுகளாலும் கிழிந்து கிடக்கிறது. பல ஊர்களுக்கு ரோட்டில் போவதைவிடக் கடலில் போவதே ஒருகாலத்தில் சுலபம்.

1893-க்கு முன் ட்ரோண்ட்ஹைமிலிருந்து ஹாமர்ஃபெஸ்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டால், கோடையில் 3 வாரம் ஆகும். குளிர்காலத்தில் 5 மாதம் வரைகூட ஆகும். குளிர்கால இருட்டில், பாறைகள் நிறைந்த அந்தக் கடலில் இரவில் கப்பல் ஓட்ட யாருக்கும் தைரியம் இல்லை. ட்ரோண்ட்ஹைமுக்கு வடக்கே அப்போது இருந்தவை 28 கலங்கரை விளக்கங்கள், 2 கடல் வரைபடங்கள். அவ்வளவுதான். வருடம் முழுக்க எக்ஸ்பிரஸ் கப்பல் விடலாமா என்று அரசு கேட்டபோது, பெரிய கம்பெனிகள் பின்வாங்கிவிட்டன.

'நான் ஓட்டுறேன்' என்று வந்தவர் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன். அவரும், ஆண்டர்ஸ் ஹோல்தே என்ற வழிகாட்டி மாலுமியும், திசைகாட்டி எந்தப் பக்கம் காட்டுகிறது, எந்த வேகம், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு பயணத்திலும் நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், கடிகாரத்தையும் திசைகாட்டியையும் வைத்து எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். 1893 ஜூலை 2 அன்று 'வெஸ்டெரோலன்' என்ற நீராவிக் கப்பல் ட்ரோண்ட்ஹைமிலிருந்து கிளம்பி, 3 நாள்களுக்குள் ஹாமர்ஃபெஸ்ட்டைத் தொட்டது. மாதக் கணக்கு நாள் கணக்காக மாறியது. அந்தத் தடத்துக்கு வைத்த பெயர் ஹுர்டிக்ரூட்டன். 'விரைவுத் தடம்' என்று அர்த்தம். இன்றைக்கு அதில் ஏறினால் 'இதுவா விரைவு?' என்று சிரிப்பீர்கள். அந்தக் காலத்துக்கு அது புல்லட் ரயில்.

இன்றும் இது அரசு ஒப்பந்தத்தில் ஓடும் சேவை. 2021 முதல் இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்து ஓட்டுகின்றன. ஹுர்டிக்ரூட்டனுக்கு 7 கப்பல்கள், ஹவிலாவுக்கு 4. ஒப்பந்தம் 2030 வரை. உள்ளூர் மக்களை ஏற்ற வேண்டும், ட்ரோம்சோவுக்கு வடக்கே சரக்கு எடுக்க வேண்டும், சொன்ன துறைமுகங்களில் எல்லாம் நிற்க வேண்டும் என்பதற்காக அரசு பணம் கொடுக்கிறது. உங்களோடு பயணிப்பவர்களில் ஒருத்தர் பக்கத்து ஊரில் பாட்டியைப் பார்க்கப் போகிறவராக இருக்கலாம். கீழ்த்தளத்தில் மீன் பெட்டிகளும் மளிகைச் சரக்கும் இருக்கும்.

இதனால் நடப்பது என்ன? ராத்திரி 2 மணிக்கு ஏதோ ஒரு குட்டித் துறைமுகத்தில் கப்பல் நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் சத்தம் கேட்கும். நாலு பெட்டி இறங்கும், ரெண்டு பேர் ஏறுவார்கள். 15 நிமிடத்தில் கிளம்பிவிடும். நீச்சல்குளப் பார்ட்டி, கேசினோ, டான்ஸ் ஷோ எதுவும் கிடையாது. அதெல்லாம் வேண்டும் என்றால் மத்தியதரைக் கடல் பக்கம் போய்விடுங்கள், காசாவது மிச்சம். இங்கே பொழுதுபோக்கு என்பது கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே இருப்பதுதான்.

வழியில் என்னவெல்லாம்?

பெர்கெனில் தொடங்கி கிர்கெனெஸ் போய் மறுபடி பெர்கென் திரும்ப 12 நாள்கள். போக வர சுமார் 2,500 கடல் மைல். தினமும் ஒரு கப்பல் கிளம்பும், வருடத்தின் 365 நாளும். வடக்கு நோக்கிப் போக 6 இரவுகள், திரும்ப 5 இரவுகள்.

டைம்டேபிளில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. போகும்போது இரவில் தாண்டும் ஊர்களில் பலவற்றைத் திரும்பும்போது பகலில் பார்க்கலாம். அதனால்தான் 'அதே வழியில் திரும்பி வர்றது போர் அடிக்காதா?' என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்கிறார்கள்.

தெற்குப் பாதியை வேகமாகத் தாண்டிவிடுவோம். பெர்கெனில் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பிரிக்கன் மர வீடுகள். 1904-ல் ஒரே இரவில் எரிந்து, ஆர்ட் நூவோ பாணியில் மொத்தமாகத் திரும்பக் கட்டப்பட்ட ஓலேசுண்ட். கோடையில் மட்டும் கப்பல் நுழையும் கெய்ராங்கர் ஃபியோர்டு. ட்ரோண்ட்ஹைமில் நிடாரோஸ் கதீட்ரல். எல்லாம் அழகுதான். ஆனால், இவற்றை ரயிலிலும் பஸ்ஸிலும் போய்கூடப் பார்க்க முடியும். இந்தக் கப்பல் தன் உண்மையான முகத்தைக் காட்டுவது நாலாவது நாள் காலையில்தான்.

அன்று காலை 7 மணி வாக்கில் கப்பல் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும். விக்கிங்கன் என்ற சின்னப் பாறைத்தீவில் ஒரு உலோக உருண்டை வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். பிறகு மேல்தளத்தில் ஒரு சடங்கு. கடல் ராஜா வேஷம் போட்ட ஒருவர் வரிசையாக வருபவர்களின் சட்டைக் காலருக்குள் ஒரு கரண்டி ஐஸைக் கொட்டுவார். திரும்பி வரும்போது அதே கோட்டில் ஒரு ஸ்பூன் மீன் எண்ணெய் வாயில் ஊற்றுவார்கள். ஐஸே தேவலாம்!

அன்று மதியம் போடோ. அங்கிருந்து திறந்த கடலைக் கடந்தால், லோஃபோட்டன் தீவுகள் தண்ணீரிலிருந்து சுவர் மாதிரி எழுந்து நிற்கும். இங்கே ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன் சீசன். பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் மீன்களைப் பிடித்து, தலையை நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, பெரிய மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பே போடாத கருவாடு அது. வெயிலைவிடக் குளிர்காற்றுதான் அங்கே வேலை செய்கிறது. ரொம்ப உறைந்தாலும் கெட்டுவிடும், ரொம்ப சூடானாலும் கெட்டுவிடும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கும் லோஃபோட்டன் குளிர்காலம் அதற்கென்றே அமைந்த மாதிரி. இந்தக் கருவாட்டின் பெரிய வாடிக்கையாளர்கள் இத்தாலியர்கள். வெட்டிய தலைகள்கூட வீணாகாது, காய்ந்து நைஜீரியாவுக்கு சூப் செய்யப் போகின்றன.

இவ்வளவு வடக்கே கடல் ஏன் உறையவில்லை? அட்லான்டிக்கைக் கடந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரையை உரசிக்கொண்டே போகிறது. அது இல்லையென்றால் மீன் சீசனும் இல்லை, வருடம் முழுக்க ஓடும் கப்பலும் இல்லை.

லோஃபோட்டனை ஒட்டியே டிரோல்ஃபியோர்டு. வாயில் வெறும் 100 மீட்டர் அகலம். கோடையில் கப்பல் அதற்குள் நுழைந்து, உள்ளே அப்படியே வட்டமடித்துத் திரும்பி வரும். குளிர்காலத்தில் பாறைச் சரிவு, பனிச்சரிவு பயத்தில் உள்ளே போவதில்லை. திரும்பும் வழியில் ஸ்டோக்மார்க்னெஸ் வரும்போது தூங்கிவிடாதீர்கள். ரிச்சர்ட் வித்தின் ஊர் அது. 1956-ல் கட்டிய 'ஃபின்மார்க்கன்' என்ற முழுக் கப்பலையே கரைக்கு ஏற்றி, அதைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடம் கட்டி மியூசியமாக வைத்திருக்கிறார்கள். கப்பல் அங்கே நிற்பது சுமார் ஒரு மணி நேரம். அதற்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

ட்ரோம்சோவில் 4 மணி நேரம் கிடைக்கும். 1965-ல் கட்டிய ஆர்க்டிக் கதீட்ரல், நாய்வண்டி சவாரி, நல்ல காபி எல்லாம் இங்கே. அதற்கு மேல் போகப் போக மரங்கள் குறைந்து, பிறகு காணாமலே போய்விடும். பலர் 'அழகு முடிஞ்சுபோச்சு' என்று போனைக் கீழே வைப்பது இங்கேதான். உண்மையில் கதை ஆரம்பிப்பதே இங்கேதான்!

ஹாமர்ஃபெஸ்ட், ஹோனிங்ஸ்வோக் மாதிரி ஊர்களில் பழைய கட்டடமே கண்ணில் படாது. பெட்டி பெட்டியாக, ஒரே மாதிரி வீடுகள். இதில் என்ன இருக்கு என்று தோன்றும். 1944-ன் கடைசியில் பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம், பின்னால் வரும் சோவியத் படைக்கு ஒரு கூரைகூடக் கிடைக்கக் கூடாது என்று, மக்களை வெளியேற்றிவிட்டு ஃபின்மார்க் பகுதியின் ஊர்களை எரித்தது. ஹோனிங்ஸ்வோக்கில் மிஞ்சியது ஒரு தேவாலயம் மட்டும். போர் முடிந்து திரும்பி வந்தவர்கள், தங்கள் வீடுகள் எழும்பும் வரை அந்தத் தேவாலயத்துக்குள்தான் தங்கினார்கள். இப்போது அந்தப் பெட்டி வீடுகளைத் திரும்பப் பாருங்கள்.

ஹோனிங்ஸ்வோக்கிலிருந்து பஸ்ஸில் 34 கிலோமீட்டர் போனால் நார்த் கேப். கடலிலிருந்து 307 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை விளிம்பு, அதன் மேல் ஒரு இரும்பு உலக உருண்டை. ஐரோப்பாவின் வட முனை என்று விற்கிறார்கள். நிஜத்தில் பக்கத்தில் இருக்கும் க்னிவ்ஷெலோடன் என்ற தாழ்வான நிலமுனை இதைவிடக் கொஞ்சம் வடக்கே நீண்டிருக்கிறது. உயரம் இல்லாததால் பாவம், அதற்கு மவுசு இல்லை. 1907-ல் சயாம் மன்னர் சூலாலங்கோர்ன் இங்கே வந்து ஒரு பாறையில் தன் முத்திரையைப் பொறித்துவிட்டுப் போனார். அந்த நினைவாக இங்கே ஒரு குட்டி தாய்லாந்து மியூசியமே இருக்கிறது. ஆர்க்டிக் முனையில் அதைப் பார்ப்பது தனி ஆச்சர்யம். குளிர்காலத்தில் கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கு, பனி வாரும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் பஸ்களை விடுவார்கள். காற்று அதிகமானால் அதுவும் ரத்து.

திரும்பும் வழியில் வார்டோ. வரைபடத்தில் பாருங்கள், இது இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டப்பட்டு 91 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்காக 2011-ல் திறக்கப்பட்ட ஸ்டெயில்நெசெட் நினைவிடம் கடலோரத்தில் நிற்கிறது. நீளமான ஒரு கூடம். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஜன்னல், ஒரு விளக்கு, வழக்கு ஆவணத்திலிருந்து அவர் கதை. பக்கத்துக் கண்ணாடி அறையில் ஒரு நாற்காலியின் நடுவே அணையாமல் தீ எரிகிறது. கப்பல் இங்கே ஒரு மணி நேரம் நிற்கும். நடந்து போய் வர நேரம் சரியாக இருக்கும். மொத்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இறங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நார்த் கேப்பை அல்ல.

எந்த மாசம் போகலாம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நள்ளிரவுச் சூரியனையும் வடதுருவ ஒளியையும் ஒரே ட்ரிப்பில் பார்க்க முடியாது. அரோரா தெரிய இருட்டு வேண்டும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை நார்த் கேப்பில் சூரியன் மறைவதே இல்லை. வானத்தில் அரோரா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அரோராவுக்கு செப்டம்பர் முதல் மார்ச் வரை. சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக வளிமண்டலத்தில் மோதும்போது ஆக்ஸிஜன் பச்சையாக ஒளிர்கிறது. அந்த வளையம் வட நார்வேக்கு நேர் மேலே வருகிறது என்பதால்தான் இந்தக் கடலோரத்துக்கு இத்தனை கிராக்கி. வில்லன் யார் தெரியுமா? குளிரோ நிலவோ இல்லை, மேகம். கடலோரத்தில் மேகம் அதிகம். ஆனால், கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஏதோ ஒரு இரவு, ஏதோ ஓர் இடைவெளி கிடைக்க வாய்ப்பு கூடுதல். ஒளி தெரிந்தால் கேபினில் அறிவிப்பு வரும். ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் எழுந்து ஓட, ஜாக்கெட்டைக் கதவு பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

12 நாள் முழுப் பயணத்தில் அரோரா தெரியாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்று விளம்பரங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஆஃபருக்கு நிபந்தனைகள் உண்டு. குறிப்பிட்ட தேதிகளுக்குள் கிளம்பும் முழுச் சுற்றுக்குத்தான் பொருந்தும், விமானச் செலவு உங்களுடையது. மறுபடி சென்னையிலிருந்து கிளம்பிப் போகிறவர்களுக்கு அந்த 'இலவசம்' எவ்வளவு இலவசம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை ட்ரோம்சோவில் சூரியன் எழுவதே இல்லை. முழு இருட்டு என்று பயப்பட வேண்டாம். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் பனியெல்லாம் நீலமாக மாறும் ஒரு வெளிச்சம் இருக்கும். ஆனால், 12 நாளும் அப்படியே என்றால் நம்மில் பலருக்கு மனசு சோர்ந்துவிடும்.

என் ஓட்டு பிப்ரவரி கடைசி, மார்ச். பகலில் பனி மலைகளைப் பார்க்கப் போதுமான வெளிச்சம், இரவில் அரோராவுக்குப் போதுமான இருட்டு, லோஃபோட்டனில் காட் சீசன், கட்டணமும் கோடையைவிடக் குறைவு. ஃபியோர்டுதான் முக்கியம், குளிர் ஆகாது என்பவர்களுக்கு ஜூன். கெய்ராங்கர், டிரோல்ஃபியோர்டு ரெண்டும் கிடைக்கும். ஆனால், விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும்.

12 நாளும் போகணுமா?

தேவையில்லை. இதுதான் பட்ஜெட் பார்ப்பவர்களுக்கு நல்ல செய்தி. பஸ் என்று சொன்னோம் அல்லவா? ஒரு நிறுத்தத்தில் ஏறி இன்னொரு நிறுத்தத்தில் இறங்கலாம். துறைமுகத்துக்குத் துறைமுகம் டிக்கெட் தனியாக விற்கிறார்கள். சின்ன தூரத்துக்கு கேபின்கூட வேண்டாம், லவுஞ்சில் உட்கார்ந்தே போய்விடலாம். சாப்பாடு மட்டும் அதில் சேராது.

ட்ரோண்ட்ஹைமிலிருந்து போடோ வரை 729 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. அதுவே ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும். போடோவில் மதியம் கப்பல் ஏறினால், சுமார் 6 மணி நேரத்தில், இரவு லோஃபோட்டனின் ஸ்வோல்வாரில் இறங்கலாம். அங்கே ரெண்டு மூணு நாள் சுற்றிவிட்டு, மறுபடி ஒரு இரவு கப்பலில் ஏறினால் அடுத்த நாள் மதியம் ட்ரோம்சோ. முதல்முறை போகும் இளைஞர்களுக்கு 12 நாள் பேக்கேஜைவிட இது எவ்வளவோ மேல். நேரம் இருந்தால் ட்ரோம்சோவிலிருந்து இன்னும் இரண்டு இரவு போட்டுக் கிர்கெனெஸ் வரை போய், அங்கிருந்து ஓஸ்லோவுக்கு விமானம் பிடித்துவிடலாம்.

முழுச் சுற்று என்றால், விமானம், கரைச் சுற்றுலாக்கள் எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்குச் செலவு லட்சங்களில் போகும். தனியாகப் போகிறவர்கள் இரண்டு பேர் அறைக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டி வரும். கப்பலில் விற்கும் கரைச் சுற்றுலாக்கள் விலை அதிகம். ட்ரோம்சோ, ட்ரோண்ட்ஹைம் மாதிரி ஊர்களில் நடந்தே பார்த்துக்கொள்ளலாம், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். நார்த் கேப்புக்கு மட்டும் அவர்கள் பஸ்தான் நேரத்துக்குக் கொண்டுவந்து விடும்.

கேபினில் ஜன்னல் அவசியமா? என் கருத்து, வேண்டாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மேல்தளத்திலோ பனோரமா லவுஞ்சிலோதான் இருக்கப்போகிறீர்கள். கோடையில் ராத்திரி 12 மணிக்கும் வெயில் அடிக்கும்போது, ஜன்னல் இல்லாத உள்கேபினில் இருப்பவர்தான் நிம்மதியாகத் தூங்குவார். ஜன்னல் வேண்டும் என்றால், உயிர்காப்புப் படகு மறைக்காத அறையா என்று கேட்டு வாங்குங்கள்.

வயிறு, வாந்தி, சாப்பாடு

பெரும்பாலான நேரம் தீவுகளின் மறைவில் கப்பல் குளம் மாதிரி போகும். தூக்கிப்போடும் இடங்கள் சில உண்டு. ஓலேசுண்டுக்கு முன்னால் ஸ்டாட் முனை, மோல்டேவைத் தாண்டி ஹுஸ்டாட்விக்கா, போடோவுக்கும் லோஃபோட்டனுக்கும் நடுவில் வெஸ்ட்ஃபியோர்டு, கடைசியாக ஹோனிங்ஸ்வோக்குக்குக் கிழக்கே பேரன்ட்ஸ் கடல். குளிர்காலத்தில் இவை சும்மா விடாது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கும் கேபின் ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போடுவதில் பெரிய பயன் இல்லை, முன்பே போட வேண்டும். எது உங்களுக்குச் சரி என்று இங்கேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

புயல் பலமானால் பெர்லெவோக், மெஹாம்ன் மாதிரித் திறந்த கடலோரத் துறைமுகங்களில் நிற்காமலே போய்விடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதற்குப் பழகியவர்கள். நீங்களும் திரும்பும் விமானத்தைக் கப்பல் சேரும் அதே நாளில் போடாமல், ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

சாப்பாட்டில் மீன் பிரியர்களுக்குக் கொண்டாட்டம். காட், சால்மன், வடக்கே போனால் கிங் கிராப். அந்த ராட்சத நண்டு இந்தக் கடலுக்குச் சொந்தமானது அல்ல. 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து பேரன்ட்ஸ் கடலில் விட்டது, எல்லை தாண்டி நார்வேக்கு நடந்தே வந்துவிட்டது. சைவம் என்றால் புக்கிங் சமயத்திலேயே சொல்லிவிடுங்கள். கிடைக்கும், ஆனால் காரம் எதிர்பார்க்காதீர்கள். ஊறுகாய் பாட்டிலும் பொடியும் கையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுப்பது வீண்.

போன் சமாச்சாரம்

கரையை ஒட்டியே போவதால் பெரும்பாலும் சிக்னல் கிடைக்கும். நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் பெரும்பாலான ஐரோப்பிய இ-சிம் பிளான்கள் அங்கேயும் வேலை செய்யும். வாங்கும் முன் பட்டியலில் நார்வே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கிர்கெனெஸிலிருந்து ரஷ்ய எல்லை ரோட்டில் சுமார் 15 கிலோமீட்டர்தான். தெருப் பெயர்ப்பலகைகளே நார்வேஜியன், ரஷ்யன் என்று இரண்டு மொழிகளில் இருக்கும். அங்கே போன் தானாக ரஷ்ய நெட்வொர்க்கைப் பிடித்தால் பில் எகிறிவிடும், கடிகாரமும் மாறிவிடும். நெட்வொர்க் தேர்வை மேனுவலில் வையுங்கள். கடிகாரம் மாறி, கிளம்பும் நேரத்தைத் தவறவிட்டால் கதை முடிந்தது. கேங்வே ஓரம் எழுதி வைத்திருக்கும் நேரத்துக்குக் கப்பல் கிளம்பிவிடும், ஆளைத் தேடாது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் காசில் போய்ச் சேர வேண்டும்.

அரோரா படம் எடுக்க நைட் மோடு போதும். ஆனால், கரையில் இருப்பது போல 10 விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் கப்பலின் அசைவில் எல்லாம் கோடு கோடாக வரும். 1 முதல் 3 விநாடிக்குள் வைத்து, போனைக் கம்பியில் அழுத்திப் பிடிக்காமல் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். கம்பியில் இன்ஜின் அதிர்வு வரும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், உள் பாக்கெட்டில் வையுங்கள். இன்னொன்று... பல இரவுகளில் கண்ணுக்குச் சாம்பல் புகை மாதிரித் தெரிவது, போன் திரையில் பச்சையாகத் தெரியும். 'என்னடா இது, போட்டோவில் மட்டும்தானா?' என்று நொந்துபோகாதீர்கள். ஒளி பலமானால் வெறும் கண்ணுக்கே பச்சை தெரியும், நகர்வதும் தெரியும்.

குளிருக்கு ஒரே பெரிய ஸ்வெட்டர் உதவாது. உள்ளே கம்பளி இன்னர், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். ட்ரோம்சோவில் ஜனவரி சராசரியே மைனஸ் 4 டிகிரி பக்கம்தான். ஆனால், ஓடும் கப்பலின் மேல்தளக் காற்றுக்கு அது தெரியாது. ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். துறைமுகங்களில் கண்ணாடி மாதிரி உறைந்த தரையில் வழுக்கி விழுபவர்கள் அதிகம்.

விசா

நார்வே ஷெங்கன் நாடு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதிக நாள் நார்வேயில் இருக்கப்போகிறீர்கள் என்றால், நடுவில் பாரிஸோ ஆம்ஸ்டர்டாமோ தொட்டாலும், நார்வேக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். அந்தக் கடைசி வரம்பை நம்பாதீர்கள், சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். கப்பல் டிக்கெட்டைப் போடும் முன் ரத்து விதிகளைப் படியுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பது டிக்கெட் வகைக்கு வகை மாறும். மலிவான டிக்கெட்டில் பெரும்பாலும் ஒன்றும் வராது.